முக்கால் பங்குக்கு இடம் எங்கே? – உயர்கல்வி வகுப்பறைகள் பற்றி ஒரு விமர்சனம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் பயிற்சி ஆசிரியர்களுக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் சொல்வதெழுதுதல். இருபது சொற்கள். எல்லாம் குறில் நெடில், ஒற்று, ல-ழ-ள வேறுபாடு வருகிற சொற்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவி ஒன்பது தவறு செய்திருந்தார். நான் 'பாட்டு' என்று சொன்னதைப் 'பட்டு' என்றும், 'வழி' என்றதை 'வலி' என்றும் எழுதியிருந்தார். "அடிப்படை ஒலி வேறுபாடு தெரியவில்லை, கூடுதல் பயிற்சி தேவை" என்று அவருடைய அறிக்கையில் குறித்துவிட்டேன்.

அடுத்த வாரம் வேறு அறை கிடைத்தது. சின்ன அறை, தரையில் கம்பளம் விரித்திருந்தது. அதே மாதிரி இருபது சொற்கள். ஒரே ஒரு தவறுதான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்னம்மா, ஒரு வாரத்துல இவ்வளவு முன்னேற்றம்?"

"டீச்சர், அந்த ரூம்ல பின்னால உட்கார்ந்தா ஏர்கோன் சத்தம்தான் கேட்கும். நீங்க சொல்றது பாதிதான் வரும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"மத்தவங்களுக்கெல்லாம் நல்லா கேட்குது போலன்னு நெனச்சேன் டீச்சர்."

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. அதற்கு முன் எத்தனை பேருக்கு இப்படி எழுதிக் கொடுத்திருப்பேனோ!

பாடநூலை விமர்சிக்கிறோம். வினாத்தாளை விமர்சிக்கிறோம். ஒரு சிறுகதை வந்தால் நாலு பேர் கூடி அலசுகிறோம். நாள்தோறும் பாடம் நடக்கும் அறையை மட்டும் யாரும் விமர்சிப்பதில்லை. கொடுத்த அறையில் நடத்திவிட்டுப் போகிறோம். இந்தக் கட்டுரை அந்தக் குறையைக் கொஞ்சம் நிரப்பப் பார்க்கிறது. எடுத்துக்கொண்டிருப்பது நம் ஊரிலேயே உலகப் புகழ் பெற்ற கல்விக் கட்டடம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 'தி ஹைவ்'. கேள்வி ஒன்றுதான்: மொழி கற்கிறவருக்கு, அதிலும் தமிழ் கற்கிறவருக்கு, இப்படிப்பட்ட அறை எந்த அளவுக்கு உதவும்?

அளவுகோல்: நன்னூலின் கணக்கு

விமர்சனத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதை வெளியே தேட வேண்டியதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது ஒரு கணக்குப் போடுகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதால் இன்னொரு காற்பங்கு. மீதி அரைப்பங்கு, கற்றதைத் தானே பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். தேர்வுக்காக இந்த நூற்பாக்களை மனப்பாடம் செய்த மாணவர்கள் நிறைய இருப்பீர்கள். இப்போது அதே கணக்கை ஓர் அறையின் மேல் வைத்துப் பாருங்கள்.

நாம் படித்த விரிவுரை மண்டபம் எப்படி இருந்தது? முன்னால் மேடை, திரை, ஒலிவாங்கி. எதிரே திருகாணி வைத்து இறுக்கிய நாற்காலி வரிசைகள். பக்கத்தில் இருப்பவரோடு பேசினால் கழுத்து வலிக்கும். பின்னால் இருப்பவரோடு பேசவே முடியாது. எழுந்து விளக்கம் சொல்ல வேண்டுமானால் ஐந்து பேரின் முழங்காலைத் தாண்டி வெளியே வர வேண்டும். ஆக, முழு மண்டபமும் முதல் காற்பங்குக்காகக் கட்டப்பட்டது. மீதி முக்கால் பங்குக்கு இடம் எங்கே?

கட்டடத்தைப் பார்ப்போம்

'தி ஹைவ்' 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக்கின் நிறுவனம் வடிவமைத்தது. செலவு 45 மில்லியன் வெள்ளி. எட்டு மாடி. மேலே போகப் போக விரியும் 12 கோபுரங்கள், நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி 56 பயிற்சி வகுப்பறைகள். தூரத்திலிருந்து பார்த்தால் டிம் சம் கூடைகளை அடுக்கி வைத்தது போல இருப்பதால் அந்தப் பெயரும் நிலைத்துவிட்டது. அறைகளுக்கு மூலை கிடையாது, முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. மேசைகளை விரும்பியபடி நகர்த்தலாம். அறைக்கும் அறைக்கும் இடையே சின்னத் தோட்டம், மாடம், நடைபாதை.

இதன் பின்னால் உள்ள எண்ணம் எளிமையானது. தகவல் எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும் காலத்தில் மாணவர் எதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும்? மற்றவரைச் சந்திக்கத்தான். எனவே சந்திப்புக்காகவே ஒரு கட்டடம். நன்னூல் சொன்ன இரண்டாவது காற்பங்குக்குக் கட்டடம் கட்டினால் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

முதல் காற்பங்கு: கேட்டல்

தமிழில் பாடம் 'கேட்டான்' என்றுதான் சொல்கிறோம். இருந்தும் வகுப்பறை கட்டும்போது கண்ணுக்குக் கொடுக்கும் மதிப்பைக் காதுக்குக் கொடுப்பதில்லை. திரை எவ்வளவு பெரியது என்று கேட்பார்கள். எதிரொலி எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

தமிழுக்கு இது ஏன் முக்கியம்? நம் மொழியில் நேரம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. 'படம்', 'பாடம்', 'பட்டம்', 'பாட்டம்' – நான்கும் வேறு வேறு சொற்கள் ஆவது இந்த மாத்திரைக் கணக்கால்தான். 'பட்டம்' என்னும்போது 'ட்' என்ற இடத்தில் நாம் உண்மையில் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் மௌனமாக இருக்கிறோம். எதிரொலி அதிகமான அறையில், முன்னால் வந்த 'ப'வின் வால் அந்த மௌனத்தை நிரப்பிவிடும். ஒற்று காணாமல் போகும். குறில் நெடிலைப் போல நீளும். ல-ழ-ள வேறுபாடும் அப்படித்தான். அது மிக நுண்ணிய ஒலி வேறுபாடு. பின்னணி இரைச்சல் அதை முதலில் விழுங்கிவிடும்.

தமிழைத் தாய்மொழியாக வீட்டில் பேசி வளர்ந்தவர் பாதி கேட்டாலும் மீதியைத் தானே ஊகித்துக்கொள்வார். 'பட்டு பாடினாள்' என்று காதில் விழுந்தாலும் 'பாட்டு' என்று மனம் திருத்திக்கொள்ளும். வீட்டில் ஆங்கிலம் பேசும் மாணவரிடம் அந்த இருப்பு இல்லை. இரண்டாம் மொழியில் கேட்பவருக்கு, முதல் மொழியில் கேட்பவரைவிட அமைதியான அறை தேவை என்பது ஒலி ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான செய்தி. சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. அதாவது, ஊகித்துக்கொள்ள முடியாத காதுகள் நம் வகுப்பில் கூடிக்கொண்டே வருகின்றன. அறையும் அதற்கேற்ப மாற வேண்டாமா?

இதற்கு அளவு உண்டு. அமெரிக்காவின் வகுப்பறை ஒலித்தரம், 283 கன மீட்டர் வரையுள்ள அறைகளில் எதிரொலி அடங்கும் நேரம் 0.6 நொடியைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆளில்லாத அறையின் இரைச்சல் 35 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பழைய ஏர்கோன் ஒன்று ஓடினாலே இந்த 35 போய்விடும்.

இந்த இடத்தில் 'தி ஹைவ்' கட்டடத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். அங்குள்ள அறைகளைக் குளிரூட்டுவது விசிறி வைத்த ஏர்கோன் அல்ல. குளிர்ந்த காற்று கீழே இறங்கும், சூடான காற்று மேலே ஏறும் என்ற இயல்பை வைத்தே சத்தமில்லாமல் குளிரூட்டுகிறார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு இது. ஆனால் மொழி ஆசிரியருக்கு அதனால் கிடைக்கும் பரிசு அமைதி. என் மாணவிக்கு அப்படி ஓர் அறை கிடைத்திருந்தால் அந்த அறிக்கையே தேவைப்பட்டிருக்காது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. உள்நோக்கி வளைந்த சுவர், ஒலியை ஓர் இடத்தில் குவிக்கும். கான்கிரீட் ஒலியை உறிஞ்சாது, திருப்பி அனுப்பும். 'அங்கே வட்டமாக் கட்டியிருக்காங்க, நாமும் கட்டலாம்' என்று கிளம்பும் கல்லூரிகள் இதைக் கவனிக்க வேண்டும். கூரையிலும் சுவரிலும் ஒலி உறிஞ்சும் பலகை போடாமல் வட்ட அறை கட்டினால், பார்க்க அழகாக இருக்கும், பேச்சு குழம்பும்.

இரண்டாம் காற்பங்கு: உடன் பயில்தல்

வரிசை நாற்காலியில் யார் பேசுவார்? முன்வரிசையிலும் நடுப்பகுதியிலும் இருப்பவர்களே அதிகம் பேசுகிறார்கள் என்பதை ராபர்ட் சோமர் 1960களிலேயே எழுதினார். நமக்கும் அது அனுபவத்தில் தெரிந்ததுதான். முன்வரிசைப் பிள்ளைகள் பெயர் முதல் வாரத்திலேயே மனசில் பதிந்துவிடும்; கடைசி வரிசைப் பெயர் தவணை முடியும்போதுதான் தெரியும். முன்பக்கமே இல்லாத அறையில் கடைசி வரிசையும் இல்லை. இது பெரிய நன்மை. கூச்சத்தால் ஒதுங்கும் மாணவருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. அதே சமயம் நாற்பது பேர் முன்னால் பேச வேண்டிய பயமும் இல்லை, நாலு பேரிடம் பேசினால் போதும்.

அறை மாறினால் ஆசிரியரும் மாறுகிறார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் புரூக்ஸ் ஒரே விரிவுரையாளர் ஒரே பாடத்தை இரண்டு வகை அறைகளில் நடத்தியதை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார். வட்ட மேசை அறையில் இருந்தவர்கள் நுழைவு மதிப்பெண்ணில் சற்றுப் பின்தங்கியவர்கள். ஆனாலும் பாட முடிவில் மற்றவர்களுக்கு இணையாக வந்தார்கள். பிறகு நடந்த ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. அந்த விரிவுரையாளர் இரண்டு அறையிலும் ஒரே மாதிரி நடத்தத்தான் முயன்றார். ஆனால் வரிசை அறைக்குப் போனதும் அதிகம் விரிவுரை செய்தார். அது மொழிப்பாடம் அல்ல. ஆனால் நமக்கும் பொருந்தும். மேடையைக் கண்டால் யாருக்குத்தான் பேச்சு நிற்கும்?

சரி, வட்ட மேசை போட்டால் தமிழ் தானாக வந்துவிடுமா? வராது. என் வகுப்பில் நாலு பேரை ஒரு மேசையில் உட்காரவைத்துவிட்டு நகர்ந்தால், மூன்றாவது நிமிடத்தில் பேச்சு ஆங்கிலத்துக்குப் போய்விடும். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்குள் பழகிய மொழி அது. ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குத் தெரியாத ஒரு தகவல் தமிழில் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கினால்தான் வேலை முடியும் என்று பணியை அமைக்க வேண்டும். மேசை ஆசிரியரின் வேலையைச் செய்யாது. கட்டட விளம்பரங்கள் சொல்லாமல் விடும் செய்தி இது.

மீதி அரைப்பங்கு: எடுத்துரைத்தல்

'தி ஹைவ்' போன்ற அறைமேல் என் முக்கியமான குறை இங்கேதான். நன்னூல் பாதிப் பங்கை எடுத்துரைப்பதற்கு ஒதுக்குகிறது. எடுத்துரைப்பவர் நிற்க வேண்டும். எங்கே நிற்பார்? முன்பக்கம் இல்லாத அறையில் எங்கே நின்றாலும் சிலருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். பேசுபவரின் முதுகுப் பக்கம் குரல் போய்ச் சேரும்போது மெய்யெழுத்துகளின் தெளிவு குறைந்துவிடும். உதட்டசைவும் தெரியாது. உ, ஒ போன்ற ஒலிகளை உதட்டைப் பார்த்தே பாதி உறுதி செய்துகொள்ளும் மாணவருக்கு அது இழப்பு.

இதைவிட ஆழமான ஒரு காரணமும் இருக்கிறது. தமிழ் இரட்டை வழக்குள்ள மொழி. பக்கத்தில் உட்கார்ந்தால் 'என்ன சொல்றீங்க?' என்போம். எழுந்து நின்று சபையைப் பார்த்தால் 'என்ன சொல்கிறீர்கள்?' என்று வாய் தானாக மாறும். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டில் தூரத்துக்கும் பங்குண்டு. தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு 2005-இல் பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. இடம் என்று நாம் பாடத்திட்டத்தில் உள்ள இடத்தைத்தான் நினைத்தோம். அறையிலும் அதற்கு இடம் வேண்டும். பழைய மண்டபத்தில் மேடைத் தூரம் மட்டும் இருந்தது. பேச்சுத்தமிழ் வாயில் வரக் கூச்சப்பட்டது. வட்ட அறையில் மேசைத் தூரம் மட்டும் இருக்கிறது. அங்கே எழுத்துத்தமிழில் பேசினால் நாடகம் போல் தெரிகிறது. தமிழ் படிப்பவருக்கு இரண்டு தூரமும் ஒரே அறையில் வேண்டும். உட்கார்ந்து பேசி, பத்தடி நடந்து, நின்று உரைத்து, திரும்பி வந்து உட்காரும் அறை வேண்டும்.

பயிற்சி ஆசிரியருக்கு இது இன்னும் அவசரம். 'தி ஹைவ்' இருக்கும் அதே வளாகத்தில்தான் தேசியக் கல்விக் கழகமும் இருக்கிறது. அங்கிருந்து வெளியே வருபவர் போய் நிற்கப்போவது பெரும்பாலும் செவ்வக அறையில். வட்டத்தில் மட்டுமே பழகியவருக்கு முதல்நாள் வகுப்பில் குரலை எங்கே நிறுத்துவது, பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும்.

சுவர் யாருக்குச் சொந்தம்?

இன்னொரு குறை, நம்மைப் போன்ற சிறுபான்மை மொழியினருக்கு உரியது. நேரக்கணக்கில் பதிவு செய்யும் பொது அறையில் எந்த மொழியும் தங்காது. ஒன்பது மணிக்குப் பொறியியல், பதினொன்றுக்குத் தமிழ், ஒரு மணிக்குக் கணக்கியல். பலகையை அழித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். மாணவர் கிறுக்கிய சொல் வரைபடம், பாதி எழுதிய கவிதை, அகராதி, நாளிதழ் எதுவும் அடுத்த வகுப்புக்கு இருக்காது. ஆங்கிலத்துக்கு இது பிரச்சினையே இல்லை. வளாகம் முழுக்க அதன் சுவர்தான். தமிழுக்கு அந்த ஒரு சுவரும் போனால், வகுப்பு முடிந்த நிமிடத்தில் மொழியும் அறையை விட்டுப் போய்விடுகிறது.

ஆனால் 'தி ஹைவ்' ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அறைக்கு வெளியே உள்ள மாடமும் நடைபாதையும் வீணான இடம் அல்ல. வகுப்பு முடிந்தும் பேச்சு முடியாதவர்கள் பத்து நிமிடம் நிற்க ஓர் இடம். பழைய திண்ணையின் வேலையும் இதுதான். நிழல், உட்கார ஒரு விளிம்பு, போகிறவர் வருகிறவர் பார்வை. என் அனுபவத்தில், மாணவர் தயக்கமில்லாமல் தமிழ் பேசுவது வகுப்பிலே அல்ல, வகுப்பு முடிந்த பிறகு கதவுக்கு வெளியேதான்.

நம் அறையில் என்ன செய்யலாம்?

45 மில்லியன் வெள்ளி யாரிடமும் இல்லை. ஆனால் இவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது.

முதலில், அறையில் ஏர்கோனை ஓடவிட்டு, நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். சத்தம் உடனே அடங்குகிறதா, இழுத்துக்கொண்டே போகிறதா? இழுத்தால் கம்பளம், தடித்த திரைச்சீலை, துணி ஒட்டிய அறிவிப்புப் பலகை ஆகியவை ஓரளவு உதவும்.

இரண்டாவது, தவணைத் தொடக்கத்தில் பத்துச் சொல் சொல்வதெழுதுதல். மதிப்பெண்ணை மாணவர் பெயருக்கு நேராக எழுதாமல், உட்கார்ந்த இடத்துக்கு நேராக அறைப்படத்தில் குறியுங்கள். தவறெல்லாம் ஒரே மூலையில் குவிந்தால், திருத்த வேண்டியது அந்த மூலையைத்தான்.

மூன்றாவது, மேசைகள் எப்படி இருந்தாலும் சுவரை ஒட்டி ஒரு நிற்கும் இடத்தைத் தரையில் குறித்து வையுங்கள். அங்கே நின்றால் எல்லார் முகமும் தெரிய வேண்டும். உட்கார்ந்தால் பேச்சுத்தமிழ், அங்கே நின்றால் எழுத்துத்தமிழ் என்று வழக்கப்படுத்துங்கள்.

நான்காவது, ஒரு சுவரை, அதுவும் முடியாவிட்டால் சக்கரம் வைத்த ஒரு பலகையைத் தமிழுக்கென்று கேட்டு வாங்குங்கள். அழிக்காமல் அடுத்த வாரம் வரை இருக்கட்டும்.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்டல் கருத்தறிதல் பயிற்சியில் மதிப்பெண் குறைந்தால், 'எனக்குத் தமிழ் வராது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இடத்தை மாற்றி உட்கார்ந்து இன்னொரு முறை செய்து பாருங்கள். அப்படியும் குறைந்தால் பயிற்சி செய்யலாம். கேட்கவில்லை என்றால் கையைத் தூக்கிச் சொல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வாய்மொழித் தேர்வுக்குத் தோழரோடு உட்கார்ந்து பேசிப் பழகுங்கள். அதோடு, படித்ததை யாராவது ஒருவருக்கு நின்று விளக்கியும் பாருங்கள், தம்பி தங்கையாக இருந்தாலும் பரவாயில்லை. பாதிப் பங்கு அங்கேதான் இருக்கிறது.

அந்த மாணவி இப்போது ஓர் உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியர். போன வருடம் பார்த்தபோது சொன்னார்: "புது வகுப்புக்குப் போனா முதல்ல கடைசி நாற்காலியில உட்கார்ந்து பாத்துடுவேன் டீச்சர். அங்க கேட்குதான்னு தெரிஞ்ச பிறகுதான் பாடம்."